“அவனையே கட்டிக்கிட்டா சரியாப்போயிடும்ங்கிறாங்க, டாக்டர்!”

கடிதம் நான்கு பக்கம். ஆள் அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 24. தென் மாவட்டத்துக் கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, ஹாஸ்டல் வாசம். ஆறு வாரத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். வீட்டில் எல்லோரும் சாமக்கொடை பார்க்கப் போயிருந்த நேரம் அத்தை மகன் வீட்டுக்குள் வந்து இவரைப் பாலியல் வன்கொடுமை செய்திருக்கிறான். காலையில் அம்மாவிடம் சொன்னதும் அம்மா அழுதிருக்கிறார், தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார், “அப்பாகிட்ட மூச்சு விட்டுறாத” என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக். அங்கே ஒரு பெண் டாக்டர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, இவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், வெளியே நின்ற அம்மாவிடம் “பெருசா ஒண்ணும் தெரியலை, சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணிடுங்க” என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மருந்துச் சீட்டுகூட இல்லை.

திருப்பூர் திரும்பியபின் தோழி எப்படியோ தேடிப்பிடித்து வாங்கித் தந்த கருத்தடை மாத்திரையை நான்காம் நாள் இரவு போட்டிருக்கிறார். பத்தாம் நாள் ஒரு லேபில் எச்ஐவி டெஸ்ட், நெகட்டிவ். பதினைந்தாம் நாள் வீட்டிலேயே கர்ப்ப கிட், ஒரு கோடுதான். ஆனால் மாதவிலக்கு இன்னும் வரவில்லை. கடைசியாக வந்தது கொடைக்குப் பத்து நாள் முன்னால். அடிவயிற்றில், வலப்பக்கம் கூடுதலாக, வலி, வெள்ளைப்படுதலில் நாற்றம். தூக்கம் இல்லை, ஹாஸ்டல் தோழியின் தூக்க மாத்திரையைப் பாதி பாதியாகப் போடுகிறார். அன்றைக்கு அவன் ஜவ்வாது பூசியிருந்தானாம். இப்போது எங்கே அந்த வாசம் வந்தாலும் கை கால் விறைத்து, பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிவிடுகிறார்.

இதற்கு நடுவில் விஷயம் அத்தை காதுக்குப் போய், அத்தை வந்து “நம்ம பையன்தானே, முறைதானே, ஐப்பசி முகூர்த்தத்துல முடிச்சிருவோம்” என்று வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். அப்பா ‘சரி’ என்கிற பக்கம் சாய்கிறார்.

கேள்விகளை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “நான் கத்தவே இல்ல டாக்டர். உடம்பு மரம் மாதிரி ஆயிடுச்சு. அப்போ சம்மதிச்ச மாதிரிதானே ஆகும்? குளிச்சாச்சு, ஆறு வாரமும் ஆச்சு, இனி கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்கதானே? ஜி.ஹெச். போனா போலீஸ் வந்துரும்ங்கிறாங்க. கெட்டுப்போன உடம்புக்குக் குழந்தை பிறக்குமா? வேற ஒருத்தரைக் கட்டினா அவருக்குத் தெரிஞ்சிருமா? எல்லாத்துக்கும் அவனையே கட்டிக்கிறது மேலா?” கடைசி வரி: “அவன் மறுநாள் ‘கோவமா?’னு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தான். டெலிட் பண்ணிரவா?”

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் தங்கச்சி. பண்ணாதீங்க. அவன் நம்பரை பிளாக் செய்யலாம், அந்த உரையாடலை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி, தோழியின் போனுக்கோ உங்கள் இமெயிலுக்கோ அனுப்பி வையுங்கள். போனை மாற்றினாலும் பழையதை விற்க வேண்டாம். அதை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அழித்துவிட்டால் பின்னால் மனசு மாறும்போது கையில் இருக்காது, அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் வேலை, இந்த மாதிரி வழக்குகளில் சாட்சி சொல்ல கோர்ட் படியும் ஏறியிருக்கிறேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் பதறியது சட்டத்துக்காகவும் இல்லை, கல்யாணத்துக்காகவும் இல்லை. அந்த வலப்பக்க வலிக்காக.

உடனே பார்க்க வேண்டியது: உடம்பு

நீங்கள் போட்ட மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு, ஆனால் நாள் போகப் போகக் குறையும். நான்காம் நாள் போட்டிருக்கிறீர்கள், தவறில்லை; ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. (நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் இந்த மாத்திரையைக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பதும் ‘ஸ்டாக் இல்லை’ என்பதும் தனிக் கதை. உங்கள் தோழிக்கு ஒரு சபாஷ்.) பதினைந்தாம் நாள் கிட்டில் ஒரு கோடு வந்ததும் முடிந்த முடிவு இல்லை, அது ரொம்ப சீக்கிரம். இப்போது சிறுநீர் டெஸ்ட் எடுத்தால் நம்பலாம்.

மாதவிலக்கு தள்ளிப்போக அதிர்ச்சியும் தூக்கமின்மையுமே போதும், அந்த மாத்திரையும் ஒரு வாரம் போலத் தள்ளிவிடும். ஆகவே கர்ப்பம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் விலக்கு தள்ளிப்போயிருக்கிறது, ஒரு பக்கமாக அடிவயிறு வலிக்கிறது என்று எந்தப் பெண் சொன்னாலும் நாங்கள் முதலில் தேடுவது குழாய்க் கர்ப்பத்தை. கரு கர்ப்பப்பைக்குப் பதிலாகக் குழாயில் தங்கிவிட்டால் குழாய் வெடிக்கலாம், உள்ளேயே ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, அது இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்கிறேன். வலி திடீரென்று கூடினால், தலை சுற்றி மயக்கம் வந்தால், தோள்பட்டையில் புதிதாக வலி எடுத்தால், நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கர்ப்பம் என்றே வந்தால்? டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவோம். அந்தக் கணக்கில், இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். 9 வாரம் வரை மாத்திரையாலேயே கலைக்க சட்டம் இடம் தருகிறது, அதற்கு மேலென்றால் வேறு முறை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்களின் கருத்தோடு, 2021-ல் வந்த திருத்தத்தில் வழி இருக்கிறது. 18 வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். அப்பா கையெழுத்து, புருஷன் கையெழுத்து என்று கேட்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, சட்டத்தில் அது இல்லை. எஃப்ஐஆர் போட்டால்தான் செய்வோம் என்று சொல்லவும் முடியாது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் பெயரை வெளியே சொல்கிற டாக்டருக்குத் தண்டனையும் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி ஹாஸ்டல் பாத்ரூமில் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். குழாய்க் கர்ப்பத்தை அந்த மாத்திரை கலைக்காது, வலியையும் ரத்தத்தையும் ‘மாத்திரை வேலை செய்கிறது’ என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். இன்னொன்று, பின்னால் புகார் கொடுக்கும் எண்ணம் துளி இருந்தாலும் கலைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத் திசுவை முறைப்படி டிஎன்ஏ சோதனைக்கு எடுத்து வைப்பார்கள். அது குப்பைக்குப் போய்விட்டால் திரும்ப வராது.

வெள்ளைப்படுதலில் நாற்றம், வலி: இது தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக்கில் சரியாகக்கூடியது. ஆனால் கர்ப்பம் இல்லை என்று தெரிந்தபின்தான் சில மருந்துகளைக் கொடுக்க முடியும், அதனால் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ‘குழந்தை பிறக்குமா’ என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. அவன் செய்த காரியத்தால் கர்ப்பப்பை எதையும் இழக்காது. கவனிக்காமல் விட்ட தொற்று ஆறு மாதம், ஒரு வருஷம் என்று உள்ளே இருந்தால் குழாய் அடைபடலாம், குழந்தைப் பேற்றுக்குத் தடை வருவது அந்த வழியில்தான். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மானம் என்று வீட்டில் நினைக்கிறார்கள் பாருங்கள், அந்த மௌனம்தான் நிஜமாகவே உங்கள் உடம்பைக் கெடுக்கக்கூடியது.

எச்ஐவிக்குப் பத்தாம் நாள் எடுத்த டெஸ்ட், அதற்கு முன்பே உங்களுக்கு இல்லை என்பதைத்தான் சொல்லும். இப்போது ஒன்று, மூன்று மாதம் முடிந்து ஒன்று எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு இருக்கும், இலவசம், ரகசியம். அங்கேயே சிபிலிஸுக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள். காமாலை தடுப்பூசி முன்பு போடாதவர் என்றால் இப்போது ஆரம்பிக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்ஐவி தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்றாம் நாள் உங்களைப் பார்த்த அந்த டாக்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விரலை விட்டுப் பார்த்தார்.

அந்த விரல் சோதனை

எனக்கு இதில் கோபம் வருவதை மறைக்க முடியவில்லை. விரல் விட்டுப் பார்ப்பதால் ஒரு பெண்ணுக்கு வன்கொடுமை நடந்ததா என்றும் தெரியாது, அவள் கன்னியா என்றும் தெரியாது. ஒன்றும் தெரியாது. கன்னித்திரை என்று ஊரெல்லாம் பேசுகிற அந்தச் சவ்வு ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி; சிலருக்கு இருப்பதே தெரியாது, சிலருக்குப் பிரசவம் ஆன பிறகும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ‘வேற ஒருத்தரைக் கட்டினா அவருக்குத் தெரியுமா’ என்றால், நீங்கள் சொன்னால் தெரியும். சொல்லாவிட்டால் அவருக்கு மட்டுமில்லை, எனக்கே தெரியாது. இத்தனை பிரசவம் பார்த்த நானே பார்த்துச் சொல்ல முடியாததை முதலிரவில் ஒருத்தன் கண்டுபிடித்துவிடுவான் என்பதெல்லாம் சினிமாக் கதை.

உச்ச நீதிமன்றம் 2013-லேயே இந்தச் சோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது. 2014-ல் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலும் கூடாது என்றது. 2022 ஏப்ரலில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டில் இதை உடனே நிறுத்தச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இதைச் செய்கிறவர் ஒழுங்கீனமாக நடந்த குற்றவாளி ஆவார் என்றே சொல்லிவிட்டது. இதற்குப் பின்னும் ஒரு டவுன் கிளினிக்கில் நடக்கிறது. உங்களிடம் அனுமதி கேட்காமல், உங்களிடம் பேசாமல் செய்தது உங்களுக்கு நடந்த இரண்டாவது அத்துமீறல். அடுத்த டாக்டரிடம் போகவே உங்களுக்குக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூசத்தான் செய்யும். போனதும் முதலிலேயே சொல்லுங்கள்: “எனக்குப் பெண் டாக்டர் வேண்டும், கீழே கை வைக்கும் முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்த வேண்டும்.” வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிறுநீர் டெஸ்ட், ரத்தம், வயிற்றின் மேல் ஸ்கேன் வரை எதற்கும் உடையைக் கழற்ற வேண்டியதில்லை.

நீங்கள் ஏன் கத்தவில்லை

பாம்பைத் திடீரென்று பார்த்த ஆள் ஓடுவதும் உண்டு, அடிப்பதும் உண்டு, கால் எழும்பாமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. மூன்றுமே மூளை அந்தக் கணத்தில் தானாகச் செய்வது, நாம் யோசித்து எடுக்கிற முடிவு இல்லை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களைக் கேட்டுச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அதில் 70 சதவீதம் பேருக்கு உடம்பு கணிசமாக உறைந்துபோயிருந்தது. நீங்கள் ‘மரம் மாதிரி’ என்று எழுதினீர்களே, அதுதான். நினைவு துண்டு துண்டாக இருப்பதும், எது முன்னால் எது பின்னால் என்று குழம்புவதும், ஜவ்வாது வாசத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவதும் இதே மூளையின் வேலைதான். பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்து எழுதியிருந்தீர்கள், இல்லை.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) வன்கொடுமையை விளக்குகிற 63-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உடம்பில் காயம் இல்லாததும் அப்படித்தான். நான் சான்றிதழ் எழுதிய பலருக்குக் காயமே இருந்ததில்லை.

தோழியின் தூக்க மாத்திரையை விட்டுவிடுங்கள், ஆனால் பல நாளாகத் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். அந்த வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும், உள்ளே இருக்கிற பயத்தைத் தீர்க்காது. ஒரு மாதம் தாண்டியும் இந்தத் தொந்தரவுகள் இருப்பதால் மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது. இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இரவில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். ‘செத்துப்போயிடலாம் போல இருக்கு’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த கோட்டுக்கு அடியில் படித்துவிட்டேன். அந்த நினைப்பு வருகிற இரவில் தனியாக இருக்காதீர்கள், தோழியை எழுப்பி அதே வார்த்தையைச் சொல்லுங்கள்.

போலீஸ் வந்துவிடுமே?

இதில் உங்களுக்கு யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. அதே சட்டப் பிரிவு, மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். இதை மறைத்து உங்களைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் தகவல் போவது வேறு, நீங்கள் புகார் கொடுப்பது வேறு. உங்களுக்கு 24 வயது. “இப்போதைக்குப் புகார் கொடுக்க விருப்பமில்லை” என்று சொன்னால் அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும், அதைச் சொன்னதற்காகச் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. போலீஸ் வந்து கேட்கலாம், அவர்களிடமும் அதையே சொல்லலாம். (18 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு, அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்ஸோ சட்டம்.)

தனியாகப் போகப் பயமாக இருந்தால் மகளிர் உதவி எண் 181-க்குப் போன் செய்து ‘ஒருங்கிணைந்த சேவை மையம்’ எங்கே என்று கேளுங்கள், மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. அங்கேயிருந்து ஒருவர் கூட வருவார், வீட்டில் இருக்க முடியாத நிலை வந்தால் சில நாள் தங்கவும் இடம் உண்டு. ஊரில்தான் போக வேண்டும் என்றில்லை, திருப்பூரிலேயே பார்க்கலாம்.

ஆறு வாரம் ஆனதால் புகார் எடுக்க மாட்டார்கள் என்பது தவறு. இந்தக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. குடும்ப மானத்துக்குப் பயந்து தாமதிப்பது இயல்புதான், அதை வைத்து வழக்கைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கிறது. சம்பவம் நடந்த ஊர் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் எடுத்து அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும். உடம்பிலிருந்து எடுக்கிற மாதிரிகளுக்கு நான்கு நாள் வரைதான் கணக்கு, அது போய்விட்டது. ஆனால் அம்மாவிடம் மறுநாளே சொன்னது, நான்காம் நாள் தோழி மாத்திரை வாங்கியது, அந்த வாட்ஸ்அப், அத்தை பேச வந்தது, எல்லாமே சாட்சியம்தான். அன்றைக்குப் போட்டிருந்த சுடிதாரைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஹாஸ்டல் பெட்டியில் வைத்திருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ஏன் வைத்தேன் என்றே தெரியவில்லை என்று. தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கில் புழுக்கம் பிடித்து வீணாகும். நிழலில் உலரவிட்டு, உதறாமல், காகிதப் பையில் மாற்றி வையுங்கள்.

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசில்லை. பெயர் வெளியே வரக்கூடாது என்பது சட்டம், மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை. ஆனாலும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்ஐஆரே கசிந்தது, உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. குற்றப்பத்திரிகை போட்டு இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொல்லும், நான் சாட்சி சொன்ன எதுவும் அப்படி முடிந்ததில்லை. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூனில் அரசு அதிகாரிகள் 18 பெண்களை வன்கொடுமை செய்ததற்கு 2011-ல்தான் தீர்ப்பு, அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-ல். அந்த 18 பெண்களும் அதிகாரிகளை எதிர்த்து அத்தனை வருஷம் நின்றார்கள். பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் ஆரம்பித்து 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை. அங்கேயும் ஒரு பெண்கூட, சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகவில்லை. இவற்றைச் சொல்லி உங்களையும் நில்லுங்கள் என்று தள்ளவில்லை. நின்றாலும் நிற்காவிட்டாலும் உங்களுக்கு மருத்துவம் கிடைத்தாக வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். புகார் பற்றி ஒரு வக்கீலிடம் முதலில் பேசிப் பாருங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசம், போன் 15100. எஃப்ஐஆர் ஆனால் அங்கேயே இழப்பீட்டுக்கும் மனு கொடுக்கலாம். தேசிய அளவிலான திட்டத்தில் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அத்தையின் வெற்றிலைத் தட்டு

“முறைப்பையன்தானே” என்கிறார்கள். முறை என்பது கேட்டுக் கட்டிக்கொள்வதற்கான உறவு. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வந்தவனுக்கு அதில் என்ன முறை? அவனைக் கட்டினால் என்ன மாறும் என்று நீங்கள் கேட்டதற்குச் சட்டத்தின் பதில் ஒன்றைச் சொல்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. நம் நாட்டுச் சட்டத்தில் இன்றைக்கும், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்துவது வன்கொடுமைக் குற்றம் ஆகாது. அதாவது ஆறு வாரம் முன்னால் அவன் செய்தது பத்து வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். தாலி ஏறிய அன்று ராத்திரி அதையே செய்தால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். அத்தை கொண்டுவந்திருக்கும் தட்டில் இருப்பது அவர் பையனுக்கான பாதுகாப்பு, உங்களுக்கானது இல்லை.

சமரசம் பேசுவதெல்லாம் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு நீதிபதி, தண்டனை பெற்றவனுக்கு ஜாமீன் கொடுத்துப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச அனுப்பினார். அந்தப் பெண், ‘அவனோடு பேச எனக்கு ஒன்றுமில்லை’ என்ற நிலையில் உறுதியாக நின்றார். அடுத்த சில நாளில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கு இடமே கிடையாது என்றது, சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதும் அதே பஞ்சாயத்துதான். மாட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை. கட்டாயப்படுத்தினால் 181.

‘கெட்டுப்போன உடம்பு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘கற்பழிப்பு’ என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிட்டன, வீட்டுக்குள் ‘கெட்டுப்போச்சு’ மட்டும் அப்படியே இருக்கிறது. பால் கெடும், சோறு கெடும். உங்கள் உடம்புக்கு ஒரு தொற்று இருக்கலாம், மருந்து கொடுத்தால் போய்விடும்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று. எங்கள் வார்டுக்கு ஒரு ராத்திரி இதே மாதிரி ஒரு பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். நான் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த அம்மா, பெண்ணின் துப்பட்டாவை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. உங்கள் அம்மா தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார் என்று படித்தபோது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. அவர் செய்ததில் தவறு இருக்கிறது, அவரால் ஆதாரம் போனது, அப்பாவிடம் மறைத்தார். ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். இந்த முறை அவரைக் கூட அழைத்துப்போக முடியுமா என்று பாருங்கள். அவர் வரமாட்டார் என்றால் தோழி போதும்.

நாளைக் காலையே ஓ.பி.-க்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வலி கூடினால் அதற்கு முன்பே. சீட்டு போடுகிற இடத்தில் விஷயத்தைச் சொல்ல வேண்டாம், “மகப்பேறு பிரிவு, வயிற்று வலி, விலக்கு தள்ளிப்போச்சு” போதும். கடைசி விலக்குத் தேதி, சம்பவத் தேதி, மாத்திரை போட்ட தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள், அங்கே நினைவு வராது. அம்மா வந்தாலும் டாக்டரிடம் முதல் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் அவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம்.